ஏர் ஃபில்டரில் ஆயில்: இன்ஜினைப் பிரிக்கும் முன் ஆயில் கேஜை உருவிப் பாருங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 100 சிசி பைக், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஆயில் மாற்றினார்கள், 1 லிட்டர் டப்பா முழுவதையும் ஊற்றினார்கள். இப்போது வீட்டு முகப்பில் நிறுத்தினால் ஆத்தங்குடிக் கல்லில் கறுப்பாகச் சொட்டு விழுகிறது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபில்டரின் கீழ்ப்பாதி ஆயிலில் ஊறிக் கிடக்கிறது, பெட்டியின் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தேங்கியும் இருக்கிறது. புகை இல்லை. பிக்கப் கொஞ்சம் மந்தம். பட்டறையில் “ரிங் போச்சு, போர் கிட் மாத்தணும், 7,000 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம், போர் கிட் என்பது சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்த செட். மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். ரிங் தேய்ந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 58,000 ஓடிய வண்டியில் தேய்ந்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் “ஆயில் மாற்றி மூன்று வாரம்”, “டப்பா முழுவதும்”, “புகை இல்லை” என்ற மூன்றும் வேறு பக்கம் கையைக் காட்டுகின்றன. காரைக்குடியில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டரில் ஆயில் என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஸ்பேனரைக் கையில் எடுக்காமலே சரியானவை.

முதலில் ஆயில் அங்கே எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதற்கு அடியில் கிராங்க் கேஸில், அதாவது கிராங்கும் ஆயிலும் இருக்கும் கீழ்ப் பெட்டியில், இருக்கும் காற்றை அமுக்கும். ஒற்றை சிலிண்டர் வண்டி என்பதால் அந்தக் காற்று ஒதுங்க வேறு சிலிண்டர் கிடையாது. 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், நொடிக்கு 50 முறை இந்த அமுக்கல் நடக்கிறது. போதாததற்கு, ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மேலே எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே இறங்கும். இந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். அந்த வழிதான் பிரீதர் டியூப். புகையும் ஆயில் ஆவியும் ரோட்டில் போகக்கூடாது என்பதால் அதன் மறுமுனையை ஏர் ஃபில்டர் பெட்டியில் சொருகியிருக்கிறார்கள். இன்ஜின் அதைத் திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். ஆக, பெட்டிக்குள் லேசான ஆயில் பிசுபிசுப்பு இருப்பது நோய் ஆகாது. பெட்டியின் அடியில் மூடி போட்ட ஒரு சின்னக் குழாய் தொங்குகிறதே, அது இந்தக் கசடு சேர்ந்தால் வடிப்பதற்காக வைத்தது. உங்கள் வண்டியில் அந்த மூடி விழுந்திருக்கும், அதனால்தான் கல்லில் சொட்டுகிறது.

பிசுபிசுப்பு எப்போது தேக்கமாக மாறுகிறது என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

ஆயில் அளவு பார்க்கும் கேஜில் ஆரம்பியுங்கள். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்து, இன்னும் மூன்று நிமிடம் பொறுங்கள். கேஜை உருவி, துணியில் துடைத்து, திரும்ப வையுங்கள். உங்கள் வகைப் படுக்கை இன்ஜினில் (சிலிண்டர் படுத்தவாக்கில் இருப்பது) கேஜைத் திருகக்கூடாது, ஓட்டையின் விளிம்பில் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு, கையேட்டில் ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உங்கள் 7,000 ரூபாய் அனேகமாகப் பிழைத்தது.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளவு பார்ப்பது நம் பக்கத்தில் ரொம்பப் பழக்கம். வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கும், கேஜ் ஓட்டையோ வலது பக்கம். ஆயில் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கிவிடுவதால் கேஜ் குறைவாகக் காட்டும். “அட, ஆயில் கம்மியா இருக்கே” என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதேபோல, பழைய ஆயிலை அவசரமாக வடித்தால் உள்ளே கணிசமாகத் தங்கிவிடும். அதன்மேல் டப்பா முழுவதையும் கவிழ்த்தால் கணக்கு எங்கே போகும்? கையேட்டில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள். இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டினால் ஊற்ற வேண்டியது ஒன்று, ஆயில் மட்டும் மாற்றினால் ஊற்ற வேண்டியது இன்னொன்று. இரண்டாவது அளவு எப்போதும் குறைவுதான். டப்பா 1 லிட்டர் என்பதற்காக வண்டிக்கும் 1 லிட்டர் என்று நினைத்துவிடுகிறோம்.

கூடுதல் ஆயில் என்ன செய்யும்? உள்ளே சுற்றுகிற கிராங்க் அதில் அடித்துக்கொண்டே இருக்கும். மத்து போட்டுக் கடைந்த மாதிரி நுரை பொங்கும். காற்று ஒதுங்க இருந்த இடமும் சுருங்கிவிட்டதால் அந்த நுரை பிரீதர் வழியாக நேரே ஏர் பாக்ஸுக்கு வரும். ரிங் நல்லபடியாக இருக்கும், புகையும் வராது, ஃபில்டர் மட்டும் ஊறும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே கேஜை ஒருமுறை உருவி மூக்கில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் கதை வேறு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் இருந்து, பெட்ரோல் டேப்பையும் திறந்தே விட்டிருந்தால், இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து சிலிண்டர் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கிவிடும். ஊற்றியதைவிட அளவு ஏறியிருக்கும், விரலில் தொட்டால் ஆயில் தண்ணீராக ஓடும். அப்படி இருந்தால் வண்டியை ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஊசியைச் சரிசெய்து, ஆயிலை முழுவதும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம்.

ஏர் பாக்ஸில் தேங்கியிருப்பது பால் கலந்த காபி நிறத்தில் குழகுழவென்று இருந்தால் அது தண்ணீர் கலந்த ஆயில். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அதுவும் பிரீதர் வழியே வெளியேறிவிடும். கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டியில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம், ஆவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி நிறைய வண்டிகள் வரும். வாரம் ஒரு நாள் காரைக்குடி வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வந்தாலே முக்கால்வாசி சரியாகும்.

இன்னொன்று, புது ஃபில்டரே ஒட்டுகிறது என்று பயந்து வருபவர்களும் இருக்கிறார்கள். இப்போதைய பல பைக்குகளில் காகித ஃபில்டரைத் தூசி பிடிப்பதற்காகவே எண்ணெய்ப் பசையோடு செய்கிறார்கள். அது சீராக, தாள் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, 15,000 அல்லது 16,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதுதான், நம் ஊர்த் தூசிக்கு அதற்கும் முன்னாலேயே. பழைய ஜீப்பும் டிராக்டரும் வைத்திருப்பவர்களுக்கு ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் இருந்தே ஆக வேண்டும். அங்கே கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டால் மட்டும் இன்ஜின் அதை உறிஞ்சும்.

சரி, கேஜ் சரியான அளவு காட்டுகிறது, பெட்ரோல் வாசனையும் இல்லை, ஆனாலும் ஆயில் வருகிறது. அப்போதுதான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். அதையும் வாய்வார்த்தையில் முடிவு செய்யாமல் சோதித்துப் பார்க்கலாம், செலவே கிடையாது.

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். பிரீதர் டியூபை ஏர் பாக்ஸ் பக்கத்தில் உருவுங்கள். பெட்டியில் திறந்த ஓட்டையை ஒட்டும் டேப்பால் அடைத்துவிடுங்கள், தூசி போகக்கூடாது. டியூபின் முனைக்கு நான்கு விரற்கடை தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். நல்ல இன்ஜினில் புஸ், புஸ் என்று துடிப்பு மட்டும் வரும், விரலை வைத்தால் தள்ளுவதும் இழுப்பதும் மாறி மாறித் தெரியும், தாளில் ஈரப்பதம் மாதிரி ஒரு மங்கல் படியும். ரிங் தேய்ந்த இன்ஜினில் இழுப்பே தெரியாது, ஒரே தள்ளல்தான். ஆக்சிலேட்டரைத் திருகத் திருகக் காற்று கூடிக்கொண்டே போகும், எரிந்த வாடையோடு நீலமாகப் புகை வரும், தாளில் புள்ளி புள்ளியாக ஆயில் தெறிக்கும். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அதே மாதிரி வண்டி, கொஞ்சம் புதியது இருந்தால் அதிலும் இதைச் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாள் சந்தேகம் தந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி அங்கே அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக் கிக் அடிக்க வேண்டும். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கசிவு. இதில் படுக்கை இன்ஜினுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. சிலிண்டர் படுத்திருப்பதால் விட்ட ஆயில் அடிப்பக்கம் மட்டும் தேங்கிவிடும், ரிங்கைச் சுற்றிலும் பரவாது. நாலைந்து தடவை கிக்கரை மெதுவாக மிதித்துப் பரவவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். அதைச் செய்யாமல் அளந்து, வால்வுதான் கோளாறு என்று ஹெட்டை இறக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வால்வு சீல் தேய்ந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிடும், அதனால் ஏர் பாக்ஸில் ஆயில் தேங்குவதில்லை.

ரிங் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும் கிட் வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏர் பாக்ஸுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ‘ரப்பர் பூட்’ என்கிற ரப்பர் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுத் தேயுங்கள். ஃபில்டரைத் தாண்டிய இடம் அது, விரலில் கறுப்பாக லேசான எண்ணெய்ப் பசைதான் வர வேண்டும். செக்கச்செவேல் என்று மண் வந்தால் வண்டி தூசியைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். நம் செம்மண் பார்க்க மாவு மாதிரி இருக்கும், ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள்தான். சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அரைத்துத் தள்ளிவிடும். புதுவயல் பக்கம் ரைஸ் மில்லுக்குப் போய்வரும் வண்டிகளில் இதோடு உமித் தூசியும் சேரும், ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டரால் பெட்ரோல் அதிகமாக எரியும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும், பிரீதரிலிருந்து ஆயிலை இழுப்பதும் கூடும். ஊறின ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அடைக்கும். உங்கள் பிக்கப் மந்தம்கூட ஊறிய ஃபில்டரால் வந்ததாகத்தான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். ஒரே வருடத்தில் வேறொரு பட்டறையில் இரண்டு முறை போர் வேலை பார்த்திருந்தார், மூன்றாவது முறையும் ஏர் பாக்ஸில் ஆயில். பென்ஷன் பணம். எனக்கு முன்னால் நின்று, “இது வண்டியோட ராசியா இருக்குமோ” என்று கேட்டார், மனது கஷ்டமாகிவிட்டது. அந்த ரப்பர் பூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் மடக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத மடிப்பில், நகம் அளவுக்கு ஒரு கிழிசல். கிழிசலின் ஓரமெல்லாம் சிவப்பு. இரண்டு புது போரையும் அந்த நகக்கண் அளவு ஓட்டைதான் தின்றிருந்தது. ரப்பரை மாற்றித்தான் மூன்றாவது போரைப் போட்டோம். வண்டி இன்னும் ஓடுகிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு கிட் மட்டும் மாற்றினால் அந்தப் பணம் மண்ணாய்ப் போகும் என்பதை அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன்.

யார் சொன்னாலும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பிரீதர் டியூபில் போல்ட்டைச் சொருகி அடைக்க வேண்டாம். ஏர் பாக்ஸ் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அழுத்தம் வேறு வழி தேடி ஆயில் சீலைத் தள்ளும். டியூபை உருவித் தரைக்குத் தொங்கவிடுவதும் தப்பு. ஆயில் பின் டயரில் படும். குன்றக்குடி ரோட்டில் ஒரு வளைவில் அது வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) உள்ள வண்டியில் காற்று போகும் பைப்புக்குள் மெல்லிய ஆயில் படலம் சாதாரணம். சொட்டுகிற அளவுக்கு இருந்தால் பிரீதரில் ஆயில் பிரிக்கும் பாகம் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் காவடிகளோடு சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள் நாள்கணக்கில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு, ஸ்லோவில் நின்றுகொண்டு போகும். டர்போவில் அழுத்தம் ஏறாமல் ஓடும்போது அதன் சீல் வழியாக ஆயில் கசியும். திரும்பி வந்ததும் “டர்போ போச்சு” என்று வருவார்கள். பைப்பைத் துடைத்து, ஒரு நாள் நல்ல வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் பாதி வண்டிகளில் மறுபடி வருவதில்லை. ஆனால் டீசலில் இதை ஆறப்போடக் கூடாது. டீசல் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துத் தானாக வேகமெடுத்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கவே வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். கேஜில் அளவு கூடியிருந்தால் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபை அதன் முனையில் மாட்டி, கேஜ் ஓட்டை வழியாக உறிஞ்சி எடுங்கள். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்ததும் நிறுத்துங்கள். எடுத்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏர் பாக்ஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காய விடுங்கள், வடிகுழாய்க்கு மூடி போடுங்கள். ஊறிய காகித ஃபில்டரைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்துப் போட வேண்டாம், தாளின் துளைகள் திரும்பச் சரியாகாது, புதிது போடுங்கள். உங்களுடையது ஸ்பாஞ்ச் வகை என்றால் மட்டும் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கையேடு சொல்லும் ஆயிலை லேசாகத் தடவிப் போடலாம்.

அப்புறம் 300 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள். பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியால் அடியைத் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை மட்டும் என்றால் விஷயம் முடிந்தது. மறுபடி தேங்கியிருந்தால் மேலே சொன்ன தாள் சோதனை. கூடவே ஆயில் எவ்வளவு குறைகிறது என்றும் பாருங்கள். என் பட்டறைக் கணக்கு இது: 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லிக்குள் குறைந்தால் இந்த வயது வண்டிக்குப் பேசாமல் ஓட்டலாம். 300 மில்லியைத் தாண்டினால் போர் வேலைக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.

நாளைக்குக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே கேஜைப் பாருங்கள். இரவெல்லாம் நின்றதால் ஆயில் முழுவதும் கீழே இறங்கியிருக்கும், உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். பெட்ரோல் வாசனை இல்லையென்றால் மட்டும், பிறகு நான் சொன்னபடி மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள், பெட்ரோல் வாசனை இருந்ததா என்பதையும் சேர்த்து. ரப்பர் பூட்டைக் கழற்றினால் விரலில் வந்தது கறுப்பா சிவப்பா என்று சொல்லுங்கள்.